ஒரு சொல்லின் ஜாதகம்

சொற்களுக்கும் ஜாதகம் உண்டு. சிலவற்றின் ஜாதகத்தைப் புரட்டினால் மனம் சங்கடப்படும். ஆங்கிலத்தில் அடிமையைக் குறிக்கும் ‘ஸ்லேவ்’ அப்படிப்பட்ட சொல். பிரெஞ்சில் அது ‘எஸ்க்ளாவ்’, ஸ்பானிஷில் ‘எஸ்க்ளாவோ’, ஜெர்மனில் ‘ஸ்க்ளாவே’, இத்தாலியில் ‘ஸ்கியாவோ’. எல்லாம் ஒரே வம்சம். மூலபுருஷன் ‘ஸ்க்ளாவுஸ்’ என்ற இடைக்கால லத்தீன் சொல். அதற்கு முதலில் அடிமை என்று பொருள் இல்லை. கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த ஸ்லாவ் இனத்தவன் என்பதுதான் பொருள்.

ஒரு ஜனத்தின் பெயர் அடிமைக்குப் பெயரானது எப்படி? பழைய ரோமர்கள் அடிமையை ‘ஸெர்வுஸ்’ என்றார்கள். அவர்களுடைய சாம்ராஜ்யம் சரிந்த பிறகு, நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையாளுக்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. சந்தையில் விலை பேசப்படும் மனிதனுக்கு வேறு சொல் தேவைப்பட்டது. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானிய அரசர்கள் கிழக்கெல்லையில் ஸ்லாவ் மக்களோடு அடிக்கடி போர் தொடுத்தார்கள். பிடிபட்டவர்களை வியாபாரிகள் மேற்கே கொண்டுபோய் விற்றார்கள். இன்றைய பிரான்ஸிலுள்ள வெர்டன் வழியாக முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினுக்குப் போனவர்கள் பலர். வெனிஸ் நகர வணிகர்களுக்கும் இந்த வியாபாரத்தில் நல்ல பங்கு உண்டு. சந்தையில் நிற்பவன் பெரும்பாலும் ஸ்லாவ். நாளடைவில், அங்கே நிற்பவன் எவனானாலும் ஸ்லாவ்!

அந்த மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரின் பொருள் என்ன தெரியுமா? அவர்கள் மொழிகளில் ‘ஸ்லோவோ’ என்றால் சொல். ‘பேசத் தெரிந்தவர்கள்’ என்ற கருத்திலேயே அந்தப் பெயர் பிறந்திருக்க வேண்டும் என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். பக்கத்து ஜெர்மானியனை அவர்கள் ‘நேமெத்ஸ்’, அதாவது ஊமை, என்றார்கள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல! ஆனால் வாள் யார் கையில் இருந்ததோ, அவர்கள் வைத்த பொருளே நிலைத்தது. பேசத் தெரிந்தவனின் பெயர், வாய் திறக்கக் கூடாதவனுக்கு ஆயிற்று.

காலம் இந்தச் சொல்லை மரியாதைக்கும் பயன்படுத்தியது. இத்தாலியர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்லும் ‘சாவோ’, ‘தங்கள் அடிமை’ என்று பொருள்படும் வெனிஸ் வழக்கின் தேய்ந்த வடிவம். நம் ‘அடியேன்’ மாதிரி.

1833-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அதனால் விடுதலை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சத்தினர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் சுமந்த பெயரோ, அவர்கள் கண்ணால் கூடக் கண்டிராத ஒரு வெள்ளை ஜனத்தினுடையது. இதை நினைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது: கொடுமை ஆளை மாற்றுகிறது, சொல்லை மாற்றுவதில்லை.

பின்பு ஸ்லாவ் மொழி ஒன்றும் உலகுக்கு ஒரு சொல் தந்தது. செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்றால் பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலை. 1920-இல் வெளிவந்த தம் நாடகத்தில், மனிதர்களுக்கு உழைக்கவென்றே தயாரிக்கப்பட்ட பிறவிகளுக்கு காரெல் சாபெக் ‘ரோபோ’ என்று பெயரிட்டார். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோஸெஃப். அந்த நாடகத்தில் ரோபோக்கள் கடைசிவரை அடங்கிக் கிடக்கவில்லை. எஜமானர்களை எதிர்த்து எழுகின்றன.