படத்தில் இல்லாத ஏரி

2019 ஜூன். அயனம்பாக்கத்தில் எங்கள் தெரு லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளையும் சேர்த்தால்கூட, மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதத் தண்ணீர் இல்லை. அந்தச் சமயத்தில் பக்கத்து மண்டபம் ஒன்றில் பருவநிலை மாற்றம் பற்றிக் கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர். திரையில் உலக வரைபடத்தைக் காட்டினார்; ஆண்டுகள் நகர நகரப் படத்தில் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. காலிக் குடத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் கேட்டார்: "சார், இதுல நம்ம ஏரி எங்க கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சாளரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நானும் சிரித்தேன். வரலாறு படித்தவள் நான். அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று அந்த மண்டபத்தில் எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறுத்தத் தொடங்கியது.

பல துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, பூமிக்கு என்ன நேர்கிறது என்று பேசுவது புது வழக்கமல்ல. 1955 ஜூனில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் வென்னர்-கிரென் அறக்கட்டளை ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. புவியியலாளர்கள், மானிடவியலாளர்கள், உயிரியலாளர்கள், வரலாற்றாசிரியர்கள் என்று பல துறையினர் வந்தார்கள். 'பூமியின் முகத்தை மாற்றியதில் மனிதனின் பங்கு' என்பது தலைப்பு. ஆங்கிலத்தில் அந்த 'மனிதன்' ஆணையும் குறிக்கும் சொல். நம் சொல்லும் 'ன்' விகுதியில்தான் முடிகிறது, நாம் ரொம்பப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள் என்று வரலாற்றாசிரியர் வினிதா தாமோதரன் எழுதியிருக்கிறார்.

எடவலத்து கக்காட் ஜானகி அம்மாள் 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி. தீயர் சமூகத்தில் பிறந்து, மணம் செய்துகொள்ளாமல், ஆண்களுக்கு நடுவே வேலை பார்த்த பெண் அங்கே என்னென்ன பட்டிருப்பார் என்பதை ஊகிக்க நமக்குக் கஷ்டமில்லை. அங்கிருந்து இங்கிலாந்து போனார். நேருவின் அழைப்பில் 1951இல் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

பிரின்ஸ்டனில் அவர் பேசியது இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம் பற்றி: விற்பதற்காக இல்லாமல் உண்பதற்காகப் பயிரிடும் மக்களைப் பற்றி, பழங்குடிகள் காத்துவரும் செடிகளைப் பற்றி, தாய்வழிச் சமூகங்களில் நிலமும் தாவரமும் பெண்களின் பொறுப்பில் இருந்ததைப் பற்றி. அதிக தானிய விளைச்சல் என்ற ஒரே குறிக்கோள் இவற்றையெல்லாம் அழித்துவிடும் என்று அவர் அஞ்சினார். குரோமோசோம் எண்ணுகிற விஞ்ஞானி, அந்தச் சபைக்குள் அடுக்களையையும் கொல்லையையும் கொண்டுபோய் வைத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் கருத்தரங்கம் 1956இல் ஆயிரத்து நூறு பக்கங்களைத் தாண்டிய புத்தகமாக வந்தது. அதை எந்தக் கொல்லைக்காரி படிக்க முடியும்?

அந்த இடைவெளி கொஞ்சமாவது குறைந்தது கேரளத்தில், அமைதிப் பள்ளத்தாக்கில். குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தாவரவியல், பொறியியல், வேளாண்மை, பொருளியல் தெரிந்தவர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தயாரித்தது. 'காடா, கரண்டா' என்ற சண்டையாக அதை விடாமல், அந்த மின்சாரம் யாருக்கு, வேறு வழி உண்டா என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். பரிஷத்தின் ஊழியர்கள் அதை ஊர்களில் மலையாளத்தில் பேசினார்கள். சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் மரத்துக்காக எழுதினார்கள். ஜானகி அம்மாளும் சும்மா இருக்கவில்லை. எண்பதை ஒட்டிய வயதில் அந்தக் காட்டுத் தாவரங்களின் குரோமோசோம் ஆய்வை மேற்கொண்டார்.

அறிக்கை, கவிதை, மேடைப் பேச்சு, ஆய்வுக்கூடம் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு குறை எனக்கு உண்டு: அந்தப் போராட்டத்தின் கதையில் சிங்கவால் குரங்குக்குக் கிடைக்கும் இடம், பக்கத்து அட்டப்பாடியின் பழங்குடிப் பெண்களுக்குக் கிடைப்பதில்லை.

அறிவிப்பைக் கேட்க ஜானகி அம்மாள் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி இறந்துவிட்டார். இறந்த இடம் மதுரவாயல். 1970இலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் இருந்த அவர், அந்த மையத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்துவந்தார். அயனம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். கோயம்பேடு போகும்போதெல்லாம் மதுரவாயலைக் கடந்திருக்கிறேன். பள்ளியிலோ கல்லூரியிலோ ஒருவரும் எனக்கு அவர் பெயரைச் சொன்னதில்லை. நான் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகு நானும் யாருக்கும் சொன்னதில்லை.

அந்த ஆயாவைத் தேடிப் போனேன். மண்டபத்தில் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீயும் சிரிச்சியா? நான் பாக்கலியே" என்றார். ஏரி எப்படி இருந்தது என்று கேட்டேன். எந்த மாதம் தண்ணீர் படி ஏறும், எப்போது இறங்கும், இறங்கிய ஈரத்தில் என்ன முளைக்கும் என்று விரல்விட்டுச் சொன்னார். பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி. எந்த வருஷத்தோடு எது நின்றது என்று கேட்டபோது, வருஷம் தெரியாது என்றார். மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது வல்லாரை இருந்தது. இளைய மகளின் பிரசவத்துக்குக் கடையில் வாங்கினார்கள்.

இரண்டு பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதிகளையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.