கம்ப்ரஸர் வந்ததும் போனதும்

சூப்பர் கம்ப்யூட்டரின் சரித்திரத்தைக் கணக்கின் வேகத்திலிருந்துதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். வேலைக்காலம் முழுக்க ஏசி பிளான்ட் பார்த்த எனக்கு அது டீன் ரவுஷ் என்பவரில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஃபிரிட்ஜ் செய்யும் அமானா கம்பெனியிலிருந்து வந்தவர் அவர். எங்கள் ஜாதி.

சூப்பர் கம்ப்யூட்டர்களை வடிவமைத்த சீமோர் கிரேக்கு அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டதற்குக் காரணம் எளிது. சிக்னல் ஓடும் தூரம் குறைந்தால் மெஷினின் வேகம் கூடும். அதற்கு டிரான்சிஸ்டர்களை நெருக்கி அடுக்க வேண்டும். நெருக்கினால் சூடு வெளியேற வழியில்லை, ஃபேன் காற்றும் உள்ளே போகாது. 1964இல் வந்த அவருடைய சிடிசி 6600 கூட்டல் குறி வடிவத்தில் நின்றது. அதன் நான்கு கைகளின் நுனியிலும் குளிரூட்டும் சாமான்கள்தான். உள்ளே ஃப்ரியான் கேஸ் சுற்றிவந்து, வாங்கிய சூட்டை வெளியிலிருந்து வரும் சில்லென்ற தண்ணீரிடம் விட்டுவிடும்.

அடுத்து கிரே-1. முதல் மெஷின் 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ஐந்தரை டன் எடை, 115 கிலோவாட் மின்சாரம். சுற்றிலும் மெத்தை வைத்த பெஞ்சு. அடியில் பவர் சப்ளை. படம் எடுப்பவர்களெல்லாம் அந்தப் பெஞ்சைத்தான் எடுத்தார்கள். நான் பார்ப்பது பின்னால் இருக்கும் தூண்களை. இரண்டு போர்டுகளுக்கு நடுவே ஒரு செப்புத் தகடு, தகட்டின் ஓரம் அலுமினியத் தூணில் பதிந்திருக்கும், தூணுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், அதற்குள் ஃப்ரியான். இதைச் செய்து முடிப்பதற்குள் ஆறு மாதம் தாமதம். காரணம், லீக்! கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடு கூடவே குழாயில் ஓடும். எந்த ஏசியிலும் எண்ணெய்க் கறை எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஓட்டை என்று ஹெல்ப்பர் பையனுக்குக்கூடத் தெரியும். இங்கே அந்த எண்ணெய் கசிந்து போர்டுகள்மேல் படிந்து ஷார்ட் ஆக்கியது. கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது புது வெல்டிங் முறை. உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர் வெல்டருக்காகக் காத்திருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

1985இல் கிரே-2 வந்தபோது குழாயே வேண்டாம் என்று போர்டுகளைத் திரவத்திலேயே முக்கிவிட்டார்கள். 3எம் கம்பெனியின் ஃப்ளூரினெர்ட், மின்சாரம் கடத்தாத திரவம். கண்ணாடித் தொட்டியில் அது குமிழியிட்டு விழுவதைப் பார்த்து மெஷினுக்கே ‘பபிள்ஸ்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அழகுதான். ஆனால் ஒரு போர்டை மாற்ற வேண்டுமென்றால் முதலில் மொத்தத் திரவத்தையும் வடிக்க வேண்டும். சர்வீஸ் ஆளைக் கேட்காமல் வரைந்த டிசைன் என்பேன்.

1990களில் சூடு கம்மியான சீமாஸ் சிப்புகள் வந்தன. பழைய சிப்புகள் சும்மா இருக்கும்போதும் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். இவை வேலை செய்யும்போதுதான் பெரும்பாலும் குடிக்கும். மறுபடியும் ஃபேன், ஏசி ரூம். கொஞ்ச காலம் நிம்மதி. பிறகு சிப்புகள் பெருகிச் சூடு திரும்பவும் ஏறியது.

இந்தத் தடவை விடை எங்கள் பிழைப்பிலேயே கைவைத்தது. 2010இல் சூரிச்சில் ஐபிஎம் அக்வாசார் என்ற கம்ப்யூட்டரை நிறுவியது. அதில் சிப்பைக் குளிர்வித்தது 60 டிகிரித் தண்ணீர். 2012இல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் சூப்பர்மக், 40 டிகிரியில். சிப் 80 டிகிரிக்கு மேலும் தாங்கும்போது அதற்கு எதற்கு சில்லர் தரும் ஏழு டிகிரித் தண்ணீர்? வெந்நீராக வெளியே வருவதை வெறும் காற்றே ஆற்றிவிடும். சில்லரும் வேண்டாம், கம்ப்ரஸரும் வேண்டாம். டென்னஸியில் 2022இல் வேகத்தில் முதலிடம் பிடித்த ஃபிரான்டியருக்கு உள்ளே போவதும் 32 டிகிரித் தண்ணீர்தான்.

சென்னையின் புழுக்கத்திலும் நல்ல கூலிங் டவர் ஏறக்குறைய அந்த 32ஐத் தந்துவிடும். ஆனால் டவர் தண்ணீரை ஆவியாக்கித்தானே குளிர்விக்கிறது? ஒரு மெகாவாட் சூட்டுக்கு மணிக்கு சுமார் 1,500 லிட்டர் போகும். 12,000 லிட்டர் லாரி ஒன்று எட்டு மணி நேரத்துக்குத்தான் வரும். ஃபிரான்டியர் மாதிரி 20 மெகாவாட் என்றால் ஒரு நாளைக்கு 60 லாரி.