பனிச்சேதமும் தேயிலைச் சேதமும்: ஆங்கில முன்னிடைச்சொல்லுக்குத் தமிழ் இலக்கணம் காட்டும் வழி

பைக்காரா ஆற்று நீர் தேங்கிச் சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்குகிற ஊர் கிளென்மார்கன். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் அங்கே தேயிலைக் கொழுந்து கருகிவிடும். அந்த இழப்பைப் ‘பனிச்சேதம்’ எனலாம். ‘தேயிலைச் சேதம்’ எனலாம். தொகை சொல்லி ‘லட்ச ரூபாய்ச் சேதம்’ என்றும் எழுதலாம். தமிழில் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை.

அதையே ஆங்கில மனுவாக எழுதும்போதுதான் சிக்கல். ‘டேமேஜ்’ என்ற பெயர்ச்சொல், சேதமான பொருளுக்கு முன் ‘டு’ கேட்கிறது. சேதம் விளைத்த பனிக்கு முன் ‘ஃபிரம்’ கேட்கிறது. ரூபாய்க் கணக்குக்கு முன் ‘ஆஃப்’ கேட்கிறது. தமிழ் வழி மாணவர் மூன்றுக்கும் ‘ஆஃப்’ போட்டுவிடுவது எளிது.

இந்தப் பிழைக்குக் காரணம் தமிழில் வேற்றுமை இல்லை என்பதன்று. எட்டு வேற்றுமைகளை வகுத்த மொழி இது. சிக்கல் ‘பனிச்சேதம்’ போன்ற தொகைச்சொற்களில் இருக்கிறது. தொகையில் உருபு மறைந்து நிற்பதால், மொழிபெயர்க்க மாணவரின் கண்ணுக்கு எதுவும் தென்படுவதில்லை.

ஆகவே முதலில் தொகையை விரிக்க வேண்டும். ‘தேயிலைக்கு நேர்ந்த சேதம்’ என்று விரித்தால் நான்காம் வேற்றுமையும், ‘பனியால் விளைந்த சேதம்’ என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமையும் வெளிப்படும். தமிழ் வகுப்பில் உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று மனப்பாடம் செய்த பாடமே இங்கு ஆங்கிலத்துக்குக் கை கொடுக்கிறது. ‘கு’ தெரிந்ததும் ‘டு’ அருகில் வந்துவிடும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ‘விபத்துக்குக் காரணம்’ என்பதில் உருபு வெளிப்படையாகவே நிற்கிறது. ஆனாலும் ‘ரீசன்’ என்று எழுதினால் ‘ஃபார்’ வரும். ‘காஸ்’ என்று எழுதினால் ‘ஆஃப்’ வரும். பொருள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், எது வரும் என்பதைப் பெயர்ச்சொல்லே முடிவு செய்கிறது.

இது தமிழருக்குப் புதிதன்று. அஞ்சுதலைக் குறிக்கும் சொல் ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும், இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும் என்று தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் விதிக்கிறது. ‘பழியஞ்சும்’ என்பதைப் ‘பழியின் அஞ்சும்’ என்றும் ‘பழியை அஞ்சும்’ என்றும் விரிக்கலாம். உருபின் தேர்வு பொருளை மட்டுமின்றிச் சொல்லின் இயல்பையும் சார்ந்தது என்பதை நம் இலக்கணிகள் அன்றே கண்டிருந்தார்கள்.

ஆங்கில வகுப்பில் தாய்மொழி குறுக்கிடலாகாது, நிறையப் படித்தால் தானே பழகிவிடும் என்பாருண்டு. வீட்டிலும் தோட்டத்திலும் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு அது பொருந்தும். பள்ளி மணி அடித்ததும் ஆங்கிலம் நின்றுபோகும் மலையூர்ப் பிள்ளைக்கு, கையில் இருக்கும் இலக்கணமே முதல் துணை. கோடிட்ட இடத்தில் ஒற்றைச் சொல்லை நிரப்பச் சொல்லும் பயிற்சி அதற்குப் போதாது. பாடநூலின் சொற்பட்டியல் ‘டேமேஜ் டு’, ‘ரீசன் ஃபார்’, ‘காஸ் ஆஃப்’ என்று பெயரையும் முன்னிடைச்சொல்லையும் இணைத்தே அச்சிட வேண்டும்; ஒவ்வொன்றின் எதிரிலும் விரித்த தமிழ்த் தொடர் இருக்க வேண்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்தால், ஆறாம் வகுப்பிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.