மூக்கு முந்திச் சொல்லும் நோய்: பாக்கின்சனும் எங்கள் சாப்பாடும்

ஜெத்தாவின் ஷரஃபியாவில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை கறி அடிப்பிடித்துக் கருகிய மணம் படிக்கட்டு வரை வந்தது. சட்டிக்குப் பக்கத்திலேயே நின்ற மூத்த அண்ணைக்கு மட்டும் மணக்கவில்லை. தடிமன் என்று சிரித்தோம். சில வருடங்களில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது.

மணம் ஏன் முதலில் போகிறது?

பாக்கின்சன் நோயில், மூளையில் டோபமினைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடுக்கமும் விறைப்பும் பிறகுதான் வெளியே தெரியும். மணம் அறியும் சக்தி பெரும்பாலானோருக்குப் பல வருடங்கள் முந்தியே குறைந்துவிடும். மணத்துக்குரிய மூளைப்பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுவதை 2003இல் ஜேர்மனிய ஆய்வாளர் ஹைக்கோ பிராக் குழுவினர் விளக்கினர்.

மணம் போன எல்லோருக்கும் பாக்கின்சன் அல்ல. பீனிசம், கொரோனா, முதுமை ஆகியவற்றாலும் போகும். ஆனால் அதோடு நாட்பட்ட மலச்சிக்கல், கனவில் கைகால் அடித்தல், கையெழுத்து சிறுத்தல் என்பவையும் சேர்ந்தால் நரம்பியல் வைத்தியரிடம் போக வேண்டும்.

மணம் தெரியாதவருக்குச் சமையல் வாயு கசிவதோ பழைய கறி பழுதானதோ தெரியாது. ருசி குறைவதால் உப்பையும் கூட்டிப் போடுவார். வீட்டில் உள்ளவர்கள் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

அவரையும் பூனைக்காலியும்

பிரதான மருந்து லெவோடோபா. 1913இல் மார்கஸ் குக்கன்ஹைம் அதைப் பிரித்தெடுத்தது ஒருவகை அவரையிலிருந்து. ஷரஃபியாவில் காலையில் தமீஸ் ரொட்டியோடு சாப்பிடும் ஃபூல் அதே அவரைதான். 1937இல் தாமோதரனும் ராமசாமியும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பூனைக்காலி விதையிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தனர். ஆனால் கடையில் வாங்கும் பூனைக்காலித் தூளில் மருந்தின் அளவு ஒன்றுக்கொன்று மாறும். வைத்தியருக்குச் சொல்லாமல் குளிசையோடு சேர்த்தால் அளவு மிஞ்சும். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் ஃபூலைத் தொடவே கூடாது.

விற்றமின் கணக்கு

அண்ணைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விற்றமின் போத்தல்களாக அனுப்பினோம். கணக்காளர்களான எங்களுக்கே செலவுப் பக்கம் மட்டும்தான் நிரம்பியது. விற்றமின் ஈ நோயின் வேகத்தைக் குறைக்காது என்று 1993இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. பி12 வேறு விடயம்: லெவோடோபா நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு அது குறையலாம், இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். வெயில் படாமல் கட்டடத்துக்குள்ளேயே வேலை செய்பவர்கள் விற்றமின் டி அளவையும் பார்ப்பது நல்லது. விழும்போது எலும்பு முறியாமல் இருக்க அது வேண்டும்.

நாங்கள் கவனிக்காமல் விட்டது நேரத்தை. அண்ணை குளிசையை இறைச்சிக் கறியோடு விழுங்கினார். புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியால் போகப் போட்டி போடும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னர், அல்லது ஒரு மணி பின்னர் எடுப்பார்கள். இரும்புச்சத்துக் குளிசையை இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுக்க வேண்டும். நார்ச்சத்தும் தண்ணீரும் மலச்சிக்கலுக்கு உதவும். நோன்பு பிடிப்பவர்கள் நேரத்தை வைத்தியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

எங்களில் பலர் பெற்றோரைத் தொலைபேசியில்தான் பார்க்கிறோம். கை நடுக்கத்தை அவர்கள் மறைத்துவிடுவார்கள். "அம்மா, கறி தாளிக்க மணக்குதோ?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அண்ணையிடம் நாங்கள் அதைக் கேட்கவில்லை.