தேய்மான நிதி: இந்திய இரயில்வேயின் 1924 ஏற்பாடு

1920-இல் அமைக்கப்பட்ட வில்லியம் ஆக்வொர்த் குழு, இந்திய இரயில்வேயின் சீர்கேட்டிற்கு நிதி நடைமுறையையே முதன்மைக் காரணமாகக் கண்டது. இரயில்வேயின் வரவுசெலவு அரசின் பொது நிதிநிலை அறிக்கைக்குள் அடங்கியிருந்தது. ஒதுக்கிய தொகை மார்ச் 31-க்குள் செலவாகாவிடில் காலாவதியாயிற்று. தண்டவாளத்தின் தேய்மானமோ நிதியாண்டு பார்ப்பதில்லை. முதல் உலகப் போரின்போது புதுப்பிப்புகள் தள்ளிப்போடப்பட்டன. காலங்கடந்த என்ஜின்களும் புதிய வண்டிகளின் பாரம் தாங்காத பாலங்களும் பெருகின.

குழுவின் 1921 அறிக்கையைத் தொடர்ந்து, 1924 செப்டம்பரில் மத்திய சட்டசபை இரயில்வே நிதியைப் பொது நிதியிலிருந்து பிரிக்கத் தீர்மானித்தது. வணிகத் தடங்களின் மூலதனத்தில் 1 விழுக்காடும், உபரி இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அரசுக்கு உரியவை எனக் கணக்கிடப்பட்டன. புதுப்பிப்புக்கெனத் தேய்மான நிதி ஒன்றும் உருவாக்கப்பட்டது.

1929-இல் தொடங்கிய பெருமந்தம் இவ்வேற்பாட்டைச் சோதித்தது. வருவாய் சரியவே, 1931-32 முதல் அரசுக்கான பங்களிப்பு நிலுவையில் நின்றது. வட்டிச் சுமையைச் சமாளிக்கத் தேய்மான நிதியிலிருந்தே கடன் எடுக்கப்பட்டது. பாலங்களுக்கென ஒதுக்கிய பணம் பற்றாக்குறையை மூடிற்று.

தனி இரயில்வே நிதிநிலை அறிக்கை 2017 வரை நீடித்தது. ஆனால் கணக்கைப் பிரிப்பது மட்டுமே புதுப்பிப்புப் பணத்துக்குக் காவலாகாது என்பதை 1930-களே காட்டிவிட்டன.