ஒரு கிடார் எத்தனை கிலோ? விமானம் ஏறிய வாத்தியத்தின் கதை

18 கோடி டாலர். "வாடிக்கையாளரைக் கடுப்பேத்தினா என்ன ஆகும் தெரியுமா?" என்று இணையத்தில் யார் எழுதினாலும் இந்த எண் ஒரு தடவையாவது வந்துவிடும். விமான கம்பெனி ஒன்று ஒரு பாட்டுக்காரரின் கிடாரை உடைத்தது, அவர் அதை வைத்தே ஒரு பாட்டுப் போட்டார், பங்கு விலை 10 சதவீதம் விழுந்து கம்பெனிக்கு 18 கோடி டாலர் காலி. மேலாண்மைப் பாடம் எடுப்பவர்களுக்கு அல்வா மாதிரி ஒரு கதை.

கொஞ்ச நாளாக இந்தக் கதையின் பின்னாடியே சுற்றிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் உண்மைதான். ஆனால் கிடாரும் விமானமும் சம்பந்தப்பட்ட நிஜமான சண்டை வேறு இடத்தில், யூடியூப் பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்னாடியே ஆரம்பித்துவிட்டது.

முதலில் கதை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்தவர் டேவ் கேரல். சன்ஸ் ஆஃப் மேக்ஸ்வெல் என்ற இசைக்குழுவில் பாடுபவர். 2008 மார்ச் 31 அன்று ஹாலிஃபாக்ஸிலிருந்து சிகாகோ வழியாக அமெரிக்காவின் ஒமாஹாவுக்கு யுனைடெட் ஏர்லைன்ஸில் போகிறார்கள். சிகாகோவில் விமானம் நின்றிருக்கும்போது ஜன்னலோரம் இருந்த ஒரு பயணி, கீழே ஊழியர்கள் கிடார்களைத் தூக்கிப் போடுவதைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். விமானப் பணியாளர்களிடம் சொல்லியும் பலன் இல்லை. ஒமாஹா போய்த் திறந்து பார்த்தால் கேரலின் டெய்லர் கிடார் உடைந்து கிடக்கிறது. சுமார் 3,500 டாலர் மதிப்புள்ள கிடார், பழுதுபார்க்க மட்டும் 1,200 டாலர் ஆனது.

அப்புறம் ஒன்பது மாதம் போன், மின்னஞ்சல், இந்த அலுவலகம், அந்த அலுவலகம். கடைசியில் வந்த பதில்: 24 மணி நேரத்துக்குள் முறையாகப் புகார் தரவில்லை, எனவே இழப்பீடு கிடையாது. இதைப் பற்றி மூன்று பாட்டு எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, 2009 ஜூலை 6 அன்று முதல் பாட்டை யூடியூபில் போட்டார். யுனைடெட் கிடாரை உடைக்கிறது என்பதுதான் தலைப்பே. ஆகஸ்ட் நடுவில் 50 லட்சம் பார்வைகள். கம்பெனி இறங்கி வந்து ஒரு ஜாஸ் இசைக் கல்வி நிறுவனத்துக்கு 3,000 டாலர் நன்கொடை கொடுத்தது, ஊழியர் பயிற்சிக்கு அந்த வீடியோவையே பயன்படுத்தவும் கேட்டது. அதே வருஷம் இதைப் பற்றிப் பேசப் போன ஒரு பயணத்தில் அவர் பெட்டியை அதே கம்பெனி தொலைத்தது. இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

சரி, அந்த 18 கோடி? லண்டன் டைம்ஸ் பத்தி ஒன்றில் வந்து, அங்கிருந்து உலகம் பூரா பரவிய எண் அது. பங்கு விலையைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஜூலை 6 அன்று தொடக்க விலை 3.31 டாலர். ஜூலை 10 அன்று ஒரு கட்டத்தில் 3.07 வரை இறங்கியது, அது 7 சதவீதச் சொச்சம். ஆகஸ்ட் 6 அன்று 6 டாலர் வரை ஏறியது. அதாவது பாட்டு வந்த ஒரு மாதத்தில் விலை ஏறத்தாழ இரட்டிப்பு! கணக்காகப் பார்த்தாலும் இடிக்கிறது. 18 கோடி என்பது 10 சதவீதம் என்றால் கம்பெனியின் மொத்த மதிப்பு 180 கோடி டாலராக இருந்திருக்க வேண்டும். ஒரு பங்கு 3.31 என்றால் 54 கோடிப் பங்குகள் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது அந்தக் கம்பெனிக்குக் கிடையாது.

பாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் "பாட்டுப் போட்டோம், பண முதலைகள் அடிபணிந்தன" என்று கதையை முடித்துவிட்டால் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது. டேவ் கேரலுக்கு முன்னாடி கிடார் உடைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

இதற்குப் பதில் 1929 அக்டோபரில் வார்சாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் இருக்கிறது. சர்வதேச விமானப் பயணத்தில் உயிரோ உடைமையோ போனால் யார் எவ்வளவு பொறுப்பு என்று வகுத்த முதல் பெரிய ஒப்பந்தம். அன்றைக்கு விமான கம்பெனிகள் எல்லாம் குழந்தைகள். ஒரு விபத்து நடந்தாலே திவாலாகிவிடும். அதனால் அவற்றைக் காப்பாற்ற இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். செக்-இன் செய்த பைக்கு அந்த வரம்பு, கிலோவுக்கு 250 தங்க ஃபிராங்க். தங்க ஃபிராங்க் என்பது 65.5 மில்லிகிராம் தங்கம். பிற்காலத்தில் இது கிலோவுக்கு 20 டாலர் என்று நிலைத்துப்போனது. பழைய காகித டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் "ஒரு பவுண்டுக்கு 9.07 டாலர்" என்று இருக்குமே, அது இந்தக் கணக்குதான்.

கிலோ கணக்கில் இழப்பீடு! நிலக்கரிக்கும் வெங்காய மூட்டைக்கும் இது நியாயம். கிடாருக்கு? ஒரு நல்ல அக்கூஸ்டிக் கிடார் சுமார் 2 கிலோ. கெட்டிப் பெட்டியோடு சேர்த்தால் 6, 7 கிலோ. 7 கிலோ என்றால் 140 டாலர். அதில் பெரும்பகுதி பெட்டியின் எடைக்குக் கிடைக்கும் காசு. கிடார் செய்கிறவர் மேல்பலகையை இழைத்து இழைத்து லேசாக்குவதே நாதம் நல்லா வரணும் என்றுதான். அந்த உழைப்பு கூடக்கூட எடை குறையும், எடை குறையக் குறைய இழப்பீடும் குறையும். விதியை எழுதியவர்கள் மனசில் வாத்தியம் என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. கூடுதல் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்குத் தனிக் கட்டணம் கட்டலாம் என்று ஒரு வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. கவுண்டரில் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கிறது என்று.

இந்த எடைக் கணக்கு மாறியது 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில். 2003 நவம்பரில் அமலுக்கு வந்தது, இந்தியா 2009ல் சேர்ந்தது. கிலோ போய், ஒரு பயணிக்கு இவ்வளவு என்று வந்தது. ஆரம்பத்தில் 1,000 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்குப் பணம்), 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 1,519, அதாவது ஏறக்குறைய 2,000 டாலர். இது உச்சவரம்புதான், நஷ்டத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சேதம் பற்றிய புகாரை எழுத்தில் 7 நாளுக்குள் தர வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது. 24 மணி நேரம் என்பது உடன்படிக்கையில் எங்கேயும் கிடையாது.

ஆனாலும் பாட்டுக்காரர்கள் இழப்பீட்டுக்காகவா அலைகிறார்கள்? சாயங்காலம் கச்சேரி இருக்கிறது. உடையாமல் வந்து சேர்ந்தால் போதும். அதற்கு ஒரே வழி, கையோடு கேபினுக்குள் கொண்டுபோவது. இங்கேதான் எடைப் பிரச்சினை போய் அளவுப் பிரச்சினை வருகிறது.

அந்தக் கால விமானங்களில் தலைக்கு மேலே இருந்தது திறந்த தட்டு. தொப்பி, கோட்டு வைக்க. 1970ல் வந்த 747 போன்ற அகல விமானங்களோடு கதவு வைத்த பெட்டிகள் பரவின. கிடார் சுமார் ஒரு மீட்டர் நீளம். குறுக்கே தடுப்பு இல்லாத பெட்டியில் அது தாராளமாகப் படுத்துக்கொள்ளும். காகிதத்தில்தான் சிக்கல். நம் ஊரில் கைப்பைக்கு நீள, அகல, உயரம் சேர்த்து 115 செ.மீ., 7 கிலோ என்பது வழக்கமான வரம்பு. கிடாருக்கு நீளமே அதைச் சாப்பிட்டுவிடும். ஆக, ஏறும் வாசலில் நிற்பவர் மனசு வைத்தால் உண்டு.

போன வருஷம் அக்கா மகன் கிடாரோடு டெல்லிக்குக் கிளம்பும்போது "மாமா, உள்ள விடுவாங்களா?" என்று கேட்டான். "சிரிச்சுக்கிட்டே கேளுடா" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. போகும்போது விட்டார்கள். வரும்போது விடவில்லை. ஒரே கிடார்தான்.

2006 ஆகஸ்டில் இந்தச் சிரிப்பும் செல்லாமல் போனது. திரவ வெடிகுண்டுச் சதி வெளிப்பட்டதும் பிரிட்டன் விமான நிலையங்களில் கைப்பையே கிடையாது என்றார்கள், பிறகு 45×35×16 செ.மீ. சின்னப் பை மட்டும் என்றார்கள். அதில் வயலின்கூட அடங்காது. செப்டம்பரில்தான் வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது.

அதைவிடப் பெரிய நெருக்கடி சத்தமில்லாமல் வந்தது, அதுவும் 2008ல். எரிபொருள் விலை ஏறியதும் அமெரிக்க கம்பெனிகள் செக்-இன் பைக்குக் காசு வாங்க ஆரம்பித்தன. முதலில் இரண்டாவது பைக்கு, ஜூன் மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பைக்கே 15 டாலர். ஜனங்கள் என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் சக்கரப் பெட்டியில் திணித்து உள்ளே தூக்கிவந்தார்கள். கிடாரின் இடத்தைப் பிடித்தது பாதுகாப்பு விதியைவிட இந்தச் சக்கரப் பெட்டிதான் என்பது என் கருத்து.

அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் என்ற தொழிற்சங்கம் இதற்காகப் பல வருஷம் வாஷிங்டனில் கதவு தட்டிக்கொண்டிருந்தது. வைரல் ஆகாத வேலை. 2012 பிப்ரவரி 14 அன்று ஒபாமா கையெழுத்திட்ட விமானத்துறைச் சட்டத்தில், 403ஆம் பிரிவாக வாத்தியங்கள் பெயர் சொல்லி நுழைந்தன. இரண்டு வருஷத்தில் விதிமுறை எழுத வேண்டும் என்று சட்டம் சொன்னது, போக்குவரத்துத் துறை தாமதித்தது. கடைசியில் 2015 மார்ச் 6 அன்று அமலானது. கிடார், வயலின் போன்ற சிறு வாத்தியத்தை, ஏறும் நேரத்தில் மேலே பெட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ பத்திரமாக வைக்க இடம் இருந்தால் கேபினில் அனுமதித்தே ஆக வேண்டும். வழக்கமான கைப்பைக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒருமுறை வைத்துவிட்டால், இன்னொருத்தர் பெட்டிக்காக அதை எடுக்கச் சொல்லக் கூடாது. பெரிய வாத்தியத்துக்குத் தனி இருக்கை வாங்கலாம், பெட்டியோடு 165 பவுண்டு வரை.

இந்தக் கடைசி "எடுக்கச் சொல்லக் கூடாது" என்ற வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிபட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தான் அது வந்திருக்க வேண்டும். ஓட்டையும் இருக்கிறது. ஏறும் நேரத்தில் இடம் இருந்தால் என்பதால் வாத்தியத்துக்கு முன்னுரிமை கிடையாது, முதலில் ஏறியவருக்கே இடம். அதனால் முன்னாடி ஏறுவதற்கான காசையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மேலும் இது அமெரிக்க கம்பெனிகளுக்கு மட்டும். நமக்கு இன்னும் சிரிப்புதான்.

செக்-இன் செய்தே ஆக வேண்டும் என்றால்? விமானத்தின் சரக்கறையிலும் காற்றழுத்தம் உண்டு. அதனால் "மேலே போனா கிடார் வெடிச்சிடும்" என்பதெல்லாம் சும்மா. ஆபத்து தரையில்தான், விழும்போது. கம்பிகள் எல்லாம் சேர்ந்து 70, 80 கிலோ இழுவையில் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. பெட்டி மல்லாக்க விழுந்தால், சாவிகள் இருக்கிற தலைப்பகுதி நிற்காமல் பின்னால் போகப் பார்க்கும், கழுத்தோடு சேரும் இடத்தில் முறியும். கம்பிகளைத் தளர்த்துங்கள், தலைக்கு முன்னும் பின்னும் துணியை அடைத்து ஆடாமல் செய்யுங்கள்.

இவ்வளவும் தாண்டி இறங்கினால் அங்கே இன்னொரு மேசை, சுங்கம். அங்கே எடையும் கேட்கமாட்டார்கள், அளவும் கேட்கமாட்டார்கள். மரம் கேட்பார்கள். பழைய உயர்ரகக் கிடார்களின் முதுகு பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் கிடைப்பது அரிதானதால் மார்ட்டின் கம்பெனி 1969ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறு எதுவும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம தோதகத்தி, ஈட்டி மரம். நீலகிரிப் பக்கம் பழைய வீட்டுக் கட்டிலில் பார்த்த அதே கருஞ்சிவப்புதான் உலகம் சுற்றும் கிடார்களின் முதுகிலும் இருக்கிறது.

1992ல் பிரேசில் மரம், அழியும் உயிரினங்களுக்கான சைட்ஸ் ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் சேர்ந்தது. 2017 ஜனவரியில் தோதகத்தி உட்பட அந்த இனம் முழுவதும் அடுத்த நிலைப் பட்டியலுக்கு வந்தது. நிஜக் குறி மரச்சாமான் வியாபாரம், அடிபட்டவர்களில் கிடார்க்காரர்களும் உண்டு. 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு மட்டும் விலக்கு இல்லை. அதனால் 1960களின் கிடாரோடு எல்லை தாண்டுகிறவர்கள் மூன்று வருஷம் செல்லும் ஒரு வாத்தியச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதில் கிடாரின் பெயர், வரிசை எண், என்ன மரம் என்ற விவரமெல்லாம் இருக்கும், ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை விழும்.