மின்நிலையம் கலையகமான வரலாறு

நகர வரலாற்றை எழுதுவோர் ஒரு கட்டடம் எழும்பிய ஆண்டையும் இடிபட்ட ஆண்டையும் தவறாது குறிப்பர். இடையில் அது பூட்டிக் கிடந்த ஆண்டுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. சிங்கப்பூரின் இக்காலக் கலை வரலாற்றை அறிய விழைவோரோ அந்தப் பூட்டிய ஆண்டுகளிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

1960-களிலும் 70-களிலும் மக்கள் பழைய தெருக்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1966-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தால் பல மனைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக விளங்கிய கடைவீடுகள் பல இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சில ஆளின்றிப் பாழாயின. மறுபுறம், நாடகக் குழுக்களுக்கும் நடனப் பள்ளிகளுக்கும் ஒத்திகை பார்க்க ஓர் அறை கிட்டாத நிலை. ஒருபால் வெற்றிடம், மறுபால் இடமின்மை! இவ்விரண்டையும் இணைக்க 1985-இல் அரசாங்கம் வகுத்ததே கலை இல்லத் திட்டம். 1991-இல் அமைந்த தேசிய கலைகள் மன்றம் பின்னர் இதனை ஏற்று நடத்தியது.

திட்டத்தின் கணக்கு எளியதாயிருந்தது. அரசுக்குரிய பழங்கட்டடத்தின் வாடகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மன்றம் ஏற்றது. கலைக் குழு பத்துப் பங்கு செலுத்தினால் போதுமாயிருந்தது. மாத வாடகை 5,000 வெள்ளி எனக் கொள்வோமாயின், குழுவின் பொறுப்பு 500 வெள்ளி. மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், அன்றாடப் பராமரிப்பு ஆகியவை குழுவையே சார்ந்திருந்தன. இவ்வழியில் வாட்டர்லூ ஸ்திரீட்டிலும், சைனாடவுனின் ஸ்மித் ஸ்திரீட்டிலும், லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் ரோட்டிலும் கலை வரிசைகள் தோன்றின. கெர்பாவ் என்பது மலாயில் எருமை. மாட்டு வாணிகம் நடந்த வட்டாரத்தில், 1952-இல் நிறுவப்பெற்ற பாஸ்கர் கலைக்கழகம் கடைவீட்டினுள் பரதம் பயிற்றியதைத் தமிழ் வாசகர் பலர் அறிவர்.

எனினும் இத்திட்டத்தின் பெருமையையும் அதன் குறையையும் ஒருங்கே காட்டவல்லது வேறொரு கட்டடமாகும். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 1926-இல் எழுந்த மின் துணைநிலையம் அது. 1970-களின் பிற்பகுதி முதல் அது பயனின்றிக் கிடந்தது. 1985-இல் அதனைக் கலையகமாக மாற்றித் தருமாறு சமூக வளர்ச்சி அமைச்சுக்கு ஒரு திட்டம் வந்தது. அனுப்பியவர் நாடகாசிரியர் குவோ பாவ் குன்.

அவர் யார் என்பதை அறிந்தாலன்றி இந்நிகழ்ச்சியின் வியப்பு விளங்காது. சீனாவில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்து, சிட்னியில் நாடகம் பயின்றவர். 1965-இல் மனைவி கோ லே குவானுடன் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1976-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவரைச் சிறைப்படுத்திய அரசாங்கம், மறு ஆண்டு அவருடைய குடியுரிமையையும் பறித்தது. 1980-இல் விடுதலை பெற்றார். குடியுரிமை 1992-இல்தான் திரும்பியது. ஆகவே 1990 செப்டம்பர் 16-ஆம் நாள் அந்தக் கலையகம் 'சப்ஸ்டேஷன்' என்னும் பழைய பெயரோடு திறக்கப்பட்டபோது, அதனை நிறுவியவர் அந்நாட்டின் குடிமகன் அல்லர். பறித்த கையே கட்டடத்தின் சாவியையும் கொடுத்தது! அரசாங்கத்தின் மனமாற்றம் என்பதா? 1989-இல் ஓங் தெங் சியோங் தலைமையிலான ஆலோசனை மன்றம் கலைகளுக்குப் பெருமளவில் இடமும் பணமும் தேவை என அறிவித்திருந்த காலச் சூழல் என்பதா? இரண்டும் உண்மையே எனலாம்.

குவோவின் நோக்கம் பல இனத்தாரும் ஒரே கூரையின்கீழ்ப் பழகுவது. 1988-இல் அவர் அளித்த, பூனையைத் தேடும் தாயைப் பற்றிய நாடகத்தில், ஹொக்கியன் பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் மொழி அறியாமலே கைச்சாடையால் ஒருவரையொருவர் புரிந்துகொள்வர். அந்தக் காட்சிக்கு ஒரு வீடு கட்டினால் எப்படியோ, அப்படியே சப்ஸ்டேஷன் அமைந்தது.

கட்டடத்தைத் திருத்தியமைக்க 10 லட்சம் வெள்ளிக்கு மேல் செலவாயிற்று. அதன் பெரும்பாரத்தை அரசாங்கம் தாங்கியது. நூறு பேருக்குச் சற்று மேல் அமரக்கூடிய சிறு நாடக அரங்கு, கொடையளித்த மதுபான நிறுவனத்தின் பெயரால் கின்னஸ் அரங்கு என வழங்கலாயிற்று. மது விற்ற பணத்தில் நாடகமா என முகஞ்சுளிப்பார் இருக்கலாம். கோயில் கோபுரங்களுக்கு வந்த பொன்னெல்லாம் எவ்வழி வந்ததென்று ஆராயப் புகுந்தால் நாம் ஒரு திருப்பணியையும் போற்ற முடியாது.

சுவரைச் சீர்செய்யப் பணம் திரட்டுதல் அரிதன்று. திறப்புவிழா ஒருநாள், பெயர்ப்பலகை என்றும் நிற்கும், ஆதலின் கொடுப்போர் முன்வருவர். அடுத்த ஆண்டின் மின்கட்டணத்திற்கும் ஊழியர் சம்பளத்திற்கும் தம் பெயரைப் பொறிக்க எவரும் கேட்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பச் சப்ஸ்டேஷன் அரங்கையும் காட்சிக்கூடத்தையும் பிறருக்கு வாடகைக்கு விட்டது. குவோவுக்குப் பின் 1995 முதல் 2000 வரை கலை இயக்குநராயிருந்தவர் டி. சசிதரன். குவோ 2002-இல் காலமானார். 2005-இல், கலைஞர் கூடிய பின்புறத் தோட்டம் இசைக் கூடத்தோடு கூடிய உணவகத்திற்கு வாடகைக்குச் சென்றது. வருவாய் வந்தது, தோட்டம் போயிற்று. இதனைக் குற்றமென்று கூறுதல் நியாயமன்று, வேறு வழி இருந்தால் அன்றோ குறைகூறலாம்?

வாடகைக்கு விடுவதால் கலையகம் தன் முகத்தை இழக்கிறது எனக் கருதிய கலை இயக்குநர் ஆலன் ஓய், 2016-இல் அதனை நிறுத்த முனைந்தார். உடனே எதிர்ப்பு எழுந்தது. குறைந்த வாடகையில் முதல் நாடகத்தை அரங்கேற்ற வேறிடம் இல்லாத இளைஞர்களுக்கு அந்த அறைகளே உயிர்நிலை. முடிவு கைவிடப்பட்டது.

ஐந்தாண்டு கழித்து வந்த சிக்கலோ கைவிடக்கூடியதாக இல்லை. கட்டடம் பழுதுற்றதால் ஏறத்தாழ ஈராண்டுப் புதுப்பிப்பு தேவை எனவும், அதன்பின் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் கலை நிலையமாக அது விளங்கும் எனவும், சப்ஸ்டேஷன் அவற்றுள் ஒன்றாகத் திரும்பலாம் எனவும் தேசிய கலைகள் மன்றம் 2021-இல் அறிவித்தது. பொதுப்பணத்தில் நிற்கும் இடத்தைப் பலர் பயன்படுத்தட்டும் என்னும் மன்றத்தின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் வாடகைக்கு விட அறைகள் இல்லையேல் வருவாய் இல்லை. எவ்வறையில் எது நடக்கும் என முடிவு செய்யும் உரிமை இல்லையேல் அது பழைய சப்ஸ்டேஷனும் இல்லை. பத்தில் ஒரு பங்கு வாடகை என்னும் சலுகை முப்பதாண்டு கிடைத்தும், மனையின் மீது உரிமை ஓரங்குலமும் சேரவில்லை.

அவ்வாண்டு மார்ச்சில், கலையகத்தை நிலையாக மூடுவதென நிர்வாகக் குழு அறிவித்தது. ஜூலையில் ஆர்மீனியன் ஸ்திரீட் கட்டடம் காலியாயிற்று. நிறுவனம் கலைந்துவிடவில்லை, கட்டடமில்லாக் கலை அமைப்பாகத் தொடர முடிவு செய்தது. மின் துணைநிலையம் மீண்டும் பூட்டப்பட்டது. அதன் பெயர் மட்டும் கலைஞர்களோடு வெளியே வந்தது.